தபால் பெட்டியில் இல்லாத ஹுலான்

ஹுலானுக்கு அமெரிக்காவில் கிடைத்த முதல் வேலை, எந்த மங்கோலியரும் தன் வீட்டில் செய்து பார்த்திராத மங்கோலியச் சமையலைச் செய்வது.

நெப்ராஸ்காவில், சோளக்காட்டுக்கு நடுவில் இருக்கிறது எல்ம்ஃபோர்க். ஊரில் முக்கால்வாசி பல்கலைக்கழகம். மிச்சம் தானியக் கிடங்கு. பல்கலைக்கழக உணவுக்கூடத்தின் மூலையில் வண்டிச் சக்கரம் அகலத்துக்கு ஒரு வட்ட இரும்புக்கல் கிடக்கும். தலைக்கு மேலே 'மங்கோலிய அடுப்பு' என்று பலகை. பக்கத்தில் ஈட்டியோடு ஒரு குதிரைவீரன் படம். மாணவர்கள் கிண்ணத்தில் நூடுல்ஸ், குடைமிளகாய், அன்னாசித் துண்டு, விரல் நீளச் சோளம் என்று கைக்கு வந்ததை அள்ளிப் போட்டு, அதன் தலையில் இனிப்புக் குழம்பை ஊற்றி நீட்டுவார்கள். அடுப்புக்காரர் அதைக் கல்லில் கொட்டி, இரண்டு நீளக் குச்சிகளால் புரட்டிக் கொடுக்க வேண்டும்.

ஹுலான் மங்கோலியாவின் டார்கன் நகரத்து ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். குதிரையில் ஏறியதைவிட லிஃப்டில் மாட்டிக்கொண்டது அதிகம். ஆட்டுக்கறி, மாவு, பால், உப்பு இவற்றோடு அவள் வீட்டுச் சமையல் முடிந்துவிடும். அன்னாசியை யாராவது அடுப்பில் ஏற்றினால், வீட்டில் யாருக்கோ புத்தி பிசகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

உணவுக்கூட மேனேஜர் டார்லீன் விண்ணப்பத்தில் நாட்டின் பெயரைப் படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"நிஜமாவே மங்கோலியாவா? ஏமாத்தலையே?"

"நிஜமாத்தான் மேடம்."

"மேடமாம்! டார்லீன்னு கூப்பிடு கண்ணு. இத்தனை வருஷமா இந்த அடுப்புல ஒமாஹா ஊர்ப் பசங்கதான் நின்னுருக்கானுங்க. ஒரிஜினல் இப்பதான் வருது."

இந்த அடுப்பை நானும் இன்றைக்குத்தான் முதல்முறை பார்க்கிறேன் என்று சொல்ல ஹுலான் வாயைத் திறந்தாள். திறந்த வாயை யோசனையோடு மூடிக்கொண்டாள். நிலத்தடி நீர் பற்றிப் படிக்க வந்திருந்தாள். உதவித்தொகை படிப்புக்குக் கட்டியது. வயிற்றுக்கும் வாடகைக்கும் கட்டவில்லை. மாணவ விசாவில் வந்தவள் வளாகத்துக்கு வெளியே ஒரு தட்டுக்கூடக் கழுவக் கூடாது. வளாகத்துக்குள்ளோ, நூலக வேலையும் அலுவலக வேலையும் அவள் விமானம் தரையிறங்குவதற்கு முன்பே போய்விட்டன. மிஞ்சியது இந்தக் கல் ஒன்றுதான்.

"எங்க வீட்ல கொஞ்சம் வேற மாதிரி செய்வோம்" என்று மட்டும் சொன்னாள்.

டார்லீனின் கண் கலங்கியது. "பாத்தியா! குடும்ப ரகசியம்."

வேலை கிடைத்தது. ஆனால் சம்பளப் பிரிவில் உட்கார்ந்திருந்த க்ளென் அவள் எண்ணைக் கேட்டார். ஒன்பது இலக்கத்தில் அரசாங்கம் தரும் எண். அது இருந்தால்தான் அந்த நாட்டில் ஓர் ஆள் உழைக்கிறார் என்று அர்த்தம். சம்பளம் தருகிறேன் என்று ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காமல் எண் கிடைக்காது. எண் இல்லாமல் சம்பளம் கிடைக்காது. இரண்டையும் யோசித்து வைத்தவர்கள் வேறு வேறு கட்டடத்தில் உட்கார்ந்திருந்ததால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

"அதுக்காக நீங்க சும்மா இருக்க வேண்டாம்" என்றார் க்ளென், பெரிய மனது பண்ணி. "தாராளமா வேலை செய்யலாம். சம்பளம்தான் வராது."

"எப்ப வரும்?"

"எண் வந்ததும் மொத்தமா வரும். செப்டம்பர் முடியுறதுக்குள்ள எண் வரலைன்னா மிஷின் உங்க பேரைத் தூக்கிடும். நான் தூக்க மாட்டேன். மிஷின்."

"மிஷின்கிட்ட அப்படிச் சொல்லி வச்சது யாரு?"

"நான்தான்" என்றார் க்ளென். அதில் அவருக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை.

அவள் பெயர் தூக்கப்பட்டால் அடுப்பில் ஏறக் காத்திருந்தான் கோல்ட்டன் என்ற ஒமாஹா பையன். போன வருடம் அங்கே நின்றவன்தான். பிறந்த ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வரும்போதே கையில் எண்ணோடு வந்தவன். கிண்ணத்தை நீட்டும்போதெல்லாம் அவள் கையிலிருந்த குச்சியை, அடகு வைத்த பொருளைப் பார்ப்பதுபோல் பார்ப்பான்.

*

ஹுலான் குடியிருந்தது பூங்காத் தெருவில், பச்சை வண்ணம் உரிந்த ஒரு மரவீட்டில். எல்ம்ஃபோர்க் வரும் மங்கோலிய மாணவர்கள் கைமாற்றிக் கைமாற்றி வாழ்ந்துவரும் வீடு அது. வாசல் சுவரில் ஒரு தகரத் தபால் பெட்டி. அதன்மேல் பித்தளை எழுத்துகளில் 'கன்சோரிக்' என்று திருகாணி போட்டு முடுக்கியிருந்தது.

கன்சோரிக் ஊருக்குத் திரும்பி எட்டு வருடம் ஆகிவிட்டது. ஆனால் அந்த வீட்டில் கன்சோரிக் அளவுக்கு உறுதியாகக் குடியிருந்தவர் யாரும் இல்லை. வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில். கரண்ட் அவர் பெயரில். தண்ணீர், இன்டர்நெட், பனி தள்ளும் ஆளின் ரசீது எல்லாம் அவர் பெயரில். புதிதாக ஒருவர் பெயருக்கு மாற்ற வேண்டுமானால் புது முன்பணம், புது விசாரணை, யாருடைய எண் என்ற கேள்வி எல்லாம் வரும். கன்சோரிக்கின் எண்ணோ களங்கமில்லாதது. எட்டு வருடமாக ஒரு தவறும் செய்யாத எண். குடியிருப்பவர்கள் மாதா மாதம் அவர் வங்கிக் கணக்கில் பணம் போடுவார்கள். கணக்கு தானாகவே அரிசோனாவில் வெயில் காய்ந்துகொண்டிருந்த வீட்டுக்காரர் ஹால்வர்சனுக்கு அனுப்பிவிடும். கன்சோரிக் மாதிரி ஒரு குடித்தனக்காரர் கிடைக்கமாட்டார் என்று ஹால்வர்சன் ஊரெல்லாம் சொல்வாராம்.

இந்த ஏற்பாட்டுக்குக் காவலர் ஒத்கோன். அந்தப் பெயருக்குக் கடைக்குட்டி என்று பொருள். ஆனால் வீட்டில் அவர்தான் மூத்தவர். முனைவர் பட்டத்துக்குப் படிக்க ஆரம்பித்தபோது அவருக்குத் தலைநிறைய முடி இருந்தது என்று சொல்வார்கள். அமெரிக்கச் சட்டத்தில் எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்வார். பதில் சரியா என்று கேட்பவர்தான் பிறகு கண்டுபிடிக்க வேண்டும்.

மூன்றாவது ஆள் நரா. டிசம்பரில் பட்டம் வாங்கிக்கொண்டு போகவிருந்த இளசு. நாக்கில் கத்தி வைத்திருப்பவள். கரண்ட் கம்பெனிக்கு போன் போடும் நாளில் ஒத்கோன் வீட்டில் இல்லாவிட்டால், நரா குரலை அடித்தொண்டைக்கு இறக்கி, "கன்சோரிக் பேசறேன். கொஞ்சம் ஜலதோஷம்" என்பாள். கம்பெனிக்காரர்கள் அந்த ஜலதோஷத்துக்கு அனுதாபப்படுவார்கள்.

டார்லீன் கையெழுத்திட்ட கடிதமும், வெளிநாட்டு மாணவர் அலுவலகம் கையெழுத்திட்ட இன்னொரு கடிதமும் கைக்கு வந்ததும், எண் அலுவலகம் இருந்த அடுத்த ஊருக்கு ஒத்கோன் ஹுலானைக் காரில் கூட்டிப்போனார். பஸ் கிடையாது. கிளம்பும்போது நரா ஒரு கரண்டிப் பாலோடு ஓடிவந்து நான்கு சக்கரத்திலும் தெளித்தாள். பயணம் நல்லபடி முடிய வேண்டும் என்றால் பால் தெளித்தாக வேண்டும்.

"கொழுப்பு எடுத்த பாலா அது?" என்று ஒத்கோன் சன்னலை இறக்கிக் கேட்டார்.

"ஆமாண்ணா. முழுப்பாலை நீங்கதான் காலையிலேயே தீத்துட்டீங்களே."

"அதான் பாதி வழில நிக்கப்போறோம்" என்றார் ஒத்கோன். கார் நிற்கவில்லை.

வழியெல்லாம் அவர் சட்டம் சொல்லிக்கொண்டே வந்தார். "இந்தா பாரும்மா, முகவரி கேட்டா குடியிருக்கிற வீட்டு முகவரியைத்தான் எழுதணும். காலேஜ் முகவரி எழுதிடாதே. அரசாங்கத்துகிட்ட மட்டும் பொய் சொல்லக்கூடாது."

"நேத்து இன்டர்நெட்காரன்கிட்ட கன்சோரிக் பேசறேன்னு சொன்னீங்களேண்ணா?"

"அவன் அரசாங்கமா?"

எண் அலுவலகத்தில் ஹுலான் வீட்டு முகவரியையே எழுதினாள். ஒத்கோனும் நராவும் தங்கள் எண்ணை வாங்கியது விடுதியில் தங்கியிருந்த காலத்தில். பூங்காத் தெரு வீட்டுக்கு அரசாங்கத்திடமிருந்து எண் வரவழைக்கப் பார்த்த முதல் ஆள் ஹுலான்தான் என்பது அன்றைக்கு யாருக்கும் உறைக்கவில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், கடிதங்களைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "ரெண்டு வாரத்துல அட்டை தபால்ல வந்துரும்" என்றார்.

*

ஹுலான் அடுப்பில் நின்றாள். டார்லீன் அவள் சட்டையில் 'ஹுலான், மங்கோலியா' என்று பெரிய வில்லை குத்தினார். வரிசை நீண்டது. ஒமாஹா பையன்கள் நின்ற காலத்தில் வேகவில்லை என்று குறை சொன்னவர்கள், இவள் வேகாமல் கொடுத்தபோது அதுதான் அசல் பக்குவம் என்று தலையாட்டினார்கள். வரலாறு படிக்கும் ஒரு மாணவன் தினமும் வந்து பாடம் நடத்தினான்.

"உங்க போர்வீரர்கள் கேடயத்தைக் கவுத்துப் போட்டு அதுலதான் சமைச்சாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"கேடயம் தோல்ல செஞ்சதாச்சே. எரிஞ்சுடாதா?"

அவன் அவளைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தான். "நீங்க நகரத்துல வளர்ந்தவங்கதானே? அதான் தெரியல."

வகுப்பு முடிந்து வீடு திரும்பும்போதெல்லாம் தபால் பெட்டியில் கைவிடுவாள். கன்சோரிக்குக்குக் கடன் அட்டை தர ஒரு வங்கி துடித்தது. கன்சோரிக்கின் பற்களைச் சுத்தம் செய்ய வேண்டிய காலம் வந்துவிட்டதென்று பல் டாக்டர் நினைவூட்டினார். காப்பீட்டுக் கம்பெனி ஒன்று கன்சோரிக்குக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பி, குடும்பத்தோடு நீடூழி வாழச் சொன்னது. ஹுலானுக்கு ஒரு துண்டுத்தாளும் வரவில்லை.

செப்டம்பர் பாதியைத் தாண்டியது. கையிலிருந்த பணம் கரைந்து, உணவுக்கூடத்தில் வேலைக்காரர்களுக்குக் கிடைக்கும் ஒருவேளைச் சாப்பாட்டை மூன்று வேளைக்கு நீட்டிக்கொண்டிருந்தாள். க்ளென் நடைபாதையில் பார்க்கும்போதெல்லாம் கைக்கடிகாரத்தைத் தட்டிக்காட்டிச் சிரித்தார். மறுபடி ஒத்கோனைக் கெஞ்சி எண் அலுவலகத்துக்குப் போனாள்.

கண்ணாடிப் பெண் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "உங்களுக்கு எண் எப்பவோ போட்டாச்சே. அட்டையும் அனுப்பியாச்சு. திரும்பி வந்துருச்சு."

"எண் போட்டாச்சா? அப்ப எண்ணைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"வாயால சொல்ல முடியாது. தபால்லதான் வரும்."

"நான் இங்க நிக்கிறேன். எண் அந்தத் திரையில இருக்கு. நடுவுல ஒரு கண்ணாடிதானே?"

"எனக்குத் தெரியுது" என்றார் அந்தப் பெண், மிக மரியாதையாக. "உங்களுக்குத் தெரியக்கூடாது. உங்க பாதுகாப்புக்காகத்தான்."

அந்தப் புன்னகையை ஹுலானுக்குத் தெரியும். டார்கனில் ஒரு செல்போன் கம்பெனிக் கவுன்டரில் நான்கு வருடம் உட்கார்ந்து அவளும் அதைத்தான் புன்னகைத்திருக்கிறாள். அந்தப் புன்னகையை எதிர்த்துப் பேசிப் பிரயோஜனமில்லை என்பதை உள்ளே இருந்தே பார்த்தவள். அதனால் சண்டை போடவில்லை. வேறு கேள்வி கேட்டாள்.

"ஏன் திரும்பி வந்துச்சு?"

"இந்த முகவரியில இந்தப் பேர்ல ஆள் இல்லைன்னு எழுதியிருக்கு. பெட்டியில உங்க பேரு இருக்கா?"

ஹுலான் திரும்பிப் பார்த்தாள். காத்திருப்போர் நாற்காலியில் ஒத்கோன் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"இன்னொரு அட்டை போடறேன்" என்றார் கண்ணாடிப் பெண். "மாசக் கடைசிக்குள்ள வந்துரும். அதுக்குள்ள பேரை ஒட்டிடுங்க."

*

ஞாயிற்றுக்கிழமை மூவரும் சமையல் மேசையைச் சுற்றி பூஸ் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மாவை வட்டமாக இட்டு, கொத்துக்கறி வைத்து, ஓரத்தைச் சுருக்கி முடிந்து, ஆவியில் வேகவைக்க வேண்டும். ஆட்டுக்கறி எல்ம்ஃபோர்க்கில் கிடைக்காததால் மாட்டுக்கறி. ஹுலான் விஷயத்தைச் சொன்னதும் ஒத்கோனின் கையில் இருந்த பூஸ் பிரிந்துபோயிற்று.

"பேரு ஒட்டறதா? வெளையாடறியா? ஹால்வர்சனோட மருமகன் மாசம் ஒரு தடவை இந்தத் தெருவழியா கார்ல போறான். புதுப் பேரைப் பாத்தா மாமனாருக்கு உடனே போன் அடிப்பான். ஒப்பந்தத்துல யாரு இருக்கா? கன்சோரிக். வீட்டுல யாரு இருக்கா? நாம. மூணு பேரையும் தெருவுல நிறுத்திடுவான்."

"ஒட்டலைன்னா என்னை மட்டும் நிறுத்துவாங்க. எண் இல்லைன்னா வேலை இல்ல. வேலை இல்லைன்னா வாடகை இல்ல. அடுத்த மாசமே ஊருக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதுதான்" என்றாள் ஹுலான்.

"உனக்கு நம்ம வழக்கம் தெரியாதா?" ஒத்கோன் மாவுக் கையை உயர்த்தினார். "என் மாமா பேரு நெர்குய். பேரில்லாதவன்னு அர்த்தம். அவருக்கு முன்னாடி பொறந்த ரெண்டும் தங்கல. அதனால பேய் வந்து தேடினா, அப்படி ஒரு ஆளே இல்லைன்னு திரும்பிப் போகட்டும்னு அந்தப் பேரை வச்சாங்க. கெழவர் எழுபத்தெட்டு வயசு வரைக்கும் இருந்தாரு! பேரை மறைச்சு வாழறது நம்ம ரத்தத்துல இருக்கு. இந்த வீட்டையும் அப்படித்தான் காப்பாத்திட்டு வர்றேன். ஹால்வர்சன் வந்து பாக்கட்டும், கன்சோரிக் மட்டும்தான் இருப்பான்."

"பேய் ஏமாந்தா சரிண்ணா" என்றாள் நரா. "தபால்காரரும் ஏமாந்துட்டாரே. அக்காவோட சம்பளத்தையும் கூடவே திருப்பி அனுப்பிட்டாரே."

"நீ சும்மா இரு. டிசம்பர்ல மூட்டையைக் கட்டிட்டுப் போறவ."

"நீங்க எந்த டிசம்பர்ல போறீங்க?"

அது அந்த வீட்டில் யாரும் கேட்கக் கூடாத கேள்வி. கொஞ்ச நேரம் பூஸ் மட்டும் பிடிக்கப்பட்டது.

கடைசியில் ஒத்கோன் இறங்கிவந்தார். பெயரைப் பெட்டிக்கு வெளியே ஒட்டக் கூடாது. மூடிக்கு உள்பக்கம் ஒட்டிக்கொள்ளலாம். மூடியைத் திறக்கும் தபால்காரருக்குத் தெரியும். காரில் போகிற மருமகனுக்குத் தெரியாது. தன் யோசனையில் அவருக்கே மெய்சிலிர்த்தது. "இதுக்குத்தான் படிச்ச ஆள் ஒருத்தன் வீட்ல வேணும்கிறது" என்று சொல்லிக்கொண்டு, முதல் ஈட்டில் வெந்த பூஸில் பாதியை அவரே எடுத்துக்கொண்டார்.

ஹுலான் மூடிக்குள் தன் பெயரை ஒட்டினாள். ஆனால் நம்பிக்கை இல்லை. மறுநாள் காலை வகுப்புக்குப் போகாமல் வாசற்படியில் உட்கார்ந்தாள். தபால்காரர் வெர்ன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருமுனையில் திரும்பியதும் எழுந்தாள். உள்ளே சன்னல் திரை அசைந்தது. ஒத்கோன்.

வெர்ன் மூடியைத் திறந்தார். ஒட்டியிருந்ததைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"இது யாரு?"

"நான்தான் சார். இனிமே இந்தப் பேருக்கு வர்றதை இதுல போடுங்க."

"போடலாம். ஆனா இது கன்சோரிக் சாரோட பெட்டியாச்சே. அவரு ஒரு வார்த்தை சொல்லணும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "தப்பா எடுத்துக்காதீங்க. தங்கமான மனுஷன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எனக்குன்னு பிஸ்கட் டப்பாவும் வாழ்த்து அட்டையும் பெட்டியில வச்சுடுவாரு. இந்தத் தெருவுல வேற யாரு வைக்கிறா? நான் அவரை ஒரு நாள்கூடப் பாத்ததில்ல. ரொம்பக் கூச்ச சுபாவம் போல."

அந்த அட்டையில் எழுதுவது நரா என்பதும், பிஸ்கட் வாங்குவது ஒத்கோன் என்பதும் ஹுலானுக்குத் தெரியும்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்றார் வெர்ன்.

தங்கச்சி என்று சொல்லியிருக்கலாம். பெண்டாட்டி என்றால் இன்னும் சுருக்கமாக முடிந்திருக்கும். வெர்ன் அன்றைக்கே வாழ்த்துச் சொல்லிவிட்டு, எண் அட்டை வந்ததும் போட்டிருப்பார். ஆனால் நாளைக்கு வெர்ன், "சாரைக் கூப்பிடும்மா, கை குலுக்கணும்" என்பார். அப்போது ஒத்கோன் கன்சோரிக் வேஷத்தில் வாசலுக்கு வருவார். அதோடு அவளும் அந்தப் பித்தளைப் பெயருக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். போன் வரும்போது ஜலதோஷம், தபால் வரும்போது உறவுமுறை. எண் வந்தாலும் அதை வாங்கிக்கொள்ள ஹுலான் என்று ஒருத்தி இருக்கமாட்டாள்.

"ஒண்ணும் வேணாம் சார்" என்றாள். "நான் அவரைப் பாத்ததே இல்ல. அவர் ஊருக்குப் போயி எட்டு வருஷமாச்சு. இப்ப உலான்பாத்தர்ல டயர் கடை வச்சிருக்காரு."

சன்னல் திரை ஒரு பக்கமாக அறுந்து விழுந்தது.

வெர்ன் பையைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். "டயர் கடையா?"

"ஆமா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமலா போனாரு?"

ஹுலான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெர்ன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். துக்கம் வேறு, கடமை வேறு. இல்லாத ஆளுக்கு இனி இங்கே தபால் போடக் கூடாது. இருக்கிற ஆளுக்குப் போட்டாக வேண்டும். பித்தளை எழுத்துகளைக் கழற்றச் சொன்னார். திருகாணி துருப்பிடித்திருந்ததால் ஹுலான் சமையற்கட்டுக் கத்தியால் நெம்பிக் கழற்றினாள்.

மாதக் கடைசி வாரத்தில் அட்டை வந்தது. மெல்லிய நீலத்தாள், விசிட்டிங் கார்டுக்கு இருக்கும் கனம்கூட இல்லை. ஹுலான் வகுப்பைப் பாதியில் விட்டு அதைக் க்ளெனிடம் ஓட்டமாகக் கொண்டுபோனாள். க்ளென் ஒன்பது இலக்கத்தையும் தட்டினார். மிஷின் ஒருமுறை சிணுங்கிவிட்டு ஏற்றுக்கொண்டது.

"பாத்தீங்களா, எவ்வளவு சுலபம்" என்றார் க்ளென்.

உணவுக்கூடத்தில் கோல்ட்டன் கிண்ணத்தை நீட்டினான். "வந்துருச்சாமே?" என்றான். வந்துருச்சு என்றாள். அவன் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, கூட இரண்டு கரண்டி அன்னாசி கேட்டான்.

*

பூங்காத் தெருவில் கன்சோரிக் சாக ஆரம்பித்தார். கரண்ட் பில் திரும்பிப்போயிற்று. தண்ணீர் பில் திரும்பிப்போயிற்று. பல் டாக்டர் நினைவூட்டலை நிறுத்தினார். ஹால்வர்சன் அனுப்பிய ஒப்பந்தப் புதுப்பிப்பு, 'அப்படி ஒருவர் இங்கில்லை' என்று வெர்னின் கையெழுத்தோடு அரிசோனாவுக்கே போய்ச் சேர்ந்தது.

ஹால்வர்சன் போன் அடித்தார். ஒத்கோன் பழக்க தோஷத்தில் எடுத்து, "கன்சோரிக் பேசறேன்" என்றார்.

"கன்சோரிக், நீ அங்க இல்லைன்னு தபால்ல வந்திருக்கே?"

"இருக்கேனே, இங்கதான் இருக்கேன்."

"அப்ப சரி. நாளைக்கு என் மருமகன் வர்றான். உன் அடையாள அட்டையை அவன்கிட்ட ஒரு தடவை காட்டிடு."

ஒத்கோன் போனை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். முனைவர் படிப்புச் சேர்க்கை நேர்முகத்தில்கூட அவர் அப்படி வியர்த்ததில்லை. "ஹுலான், எல்லாம் உன்னாலதான். நீயே பேசு" என்று போனை அவளிடம் தள்ளினார்.

ஹுலான் வாங்கிக்கொண்டாள். கன்சோரிக் எட்டு வருடத்துக்கு முன்பே போய்விட்டதையும், வாடகை ஒரு மாதம்கூடத் தவறாததையும், வீட்டில் இப்போது மூன்று பேர் இருப்பதையும் சொன்னாள். அந்தப் பக்கம் அரிசோனாவில் எங்கோ நாய் குரைத்தது.

"இத்தனை வருஷமா நான் யாரைப் பத்திப் பெருமை பேசிட்டிருந்தேன்?" என்றார் ஹால்வர்சன்.

"எங்க எல்லாரையும் பத்தித்தான் சார்."

கிழவர் கொஞ்சம் இருமினார். அது சிரிப்பாகவும் இருக்கலாம். "யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போடணும். வேலை இருக்கணும். எண் இருக்கணும். உங்கள்ல யாருக்கு இருக்கு?"

ஹுலான் போனிலிருந்து வாயை எடுத்துவிட்டு மற்ற இருவரையும் பார்த்தாள். நராவுக்கு எண் இருந்தது, டிசம்பரில் போகிறாள். ஒத்கோனுக்கும் எண் இருந்தது. இந்தப் பருவம் அவருக்குச் சம்பளம் இல்லை, போன பருவமும் இருந்ததாகத் தெரியவில்லை. இருவரும் அவளையே பார்த்தார்கள்.

"எனக்கு இருக்கு" என்றாள்.

"எத்தனை காலமா?"

"போன வாரத்துலேர்ந்து."

"கடன் பாக்கி, கோர்ட்டு வழக்கு ஏதாவது?"

"எண் பொறந்தே ஒரு வாரம்தான் சார் ஆகுது. அதுக்குள்ள என்ன பண்ணியிருக்க முடியும்?"

வீடு ஹுலான் பெயருக்கு வந்தது. கரண்டும் தண்ணீரும் பின்னாலேயே வந்தன. ஒரு மாதம் முன்புவரை அமெரிக்காவின் கணக்கிலேயே இல்லாத ஒருத்தி, இப்போது மூன்று பேருக்கு வெளிச்சமும் வெந்நீரும் ஆனாள். அவளைவிடப் பன்னிரண்டு வயது பெரியவரான ஒத்கோன், கொஞ்சம் நையாண்டியும் நிறைய நிம்மதியுமாக அவளை "வீட்டுக்காரம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார். ஒருநாள் மதியம், இன்டர்நெட்காரனோடு போனில் இருந்துகொண்டே கையை நீட்டினார்.

"வீட்டுக்காரம்மா, அந்த நம்பரை இப்படிக் குடு. கனெக்‌ஷனை உன் பேருக்கு மாத்திடறேன்."

"தரமாட்டேன்."

"என்னது?"

"வீடு என் பேர்ல, கரண்டு என் பேர்ல, தண்ணி என் பேர்ல. இன்டர்நெட்ல பாதி ராத்திரி வரைக்கும் மல்யுத்தம் பாக்கறது யாரு? உங்க பேர்ல வாங்குங்கண்ணா. உங்களுக்குத்தான் நம்பர் இருக்கே."

"என் நம்பரா?" ஏதோ கெட்ட வார்த்தையைக் கேட்டதுபோல் விழித்தார் ஒத்கோன். "அதை நான் எடுத்தே பல வருஷமாச்சும்மா. எங்க வச்சேன்னே தெரியல."

"தேடுங்க. நாளைக்குள்ள வரலைன்னா கனெக்‌ஷனைத் தூக்கிடுவாங்களாம். நான் தூக்கமாட்டேன்."

நரா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். ஒத்கோன் தன் அறைக்குப் போய் இழுப்பறைகளைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. சட்டைகள், பழைய தேர்வுத்தாள், ஒரு செஸ் பலகை எல்லாம் நடைக்கு வந்து விழுந்தன. கடைசியாக, ஓரம் மஞ்சளேறிய ஒரு நீலத்தாளை நீட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். போனை எடுத்தார்.

"உங்க பேரு சார்?" என்றான் அந்தப் பக்கத்துப் பையன்.

ஒத்கோன் வாயைத் திறந்தார். க என்ற சத்தம் பாதி வந்தது, மிச்சத்தை விழுங்கினார். தாளைப் பார்த்தார். பிறகு ஹுலானைப் பார்த்தார். அவள் மேலங்கியை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்கண்ணா. பையன் காத்திட்டிருக்கான்."

"ஒத்... ஒத்கோன்" என்றார் அவர், மெதுவாக.

"சரியாக் கேக்கல சார். இன்னொரு தடவை?"

இரண்டாம் தடவை கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். மூன்றாம் தடவை அந்தக் குரல், கதவைச் சாத்திக்கொண்டு தெருவில் இறங்கிவிட்ட ஹுலானுக்குக்கூடக் கேட்டது.